பதின்மூன்று பிள்ளைகள், கால் சீற் பிளைவூட்: மாரி மழைக்குள் ஒரு நத்தார் பரிசு வேலை

நத்தாருக்கு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் 13 பேருக்கும் பரிசு செய்து கொடுத்தாயிற்று. மொத்தச் செலவு 9,370 ரூபாய். தலைக்குப் பிரித்தால் 720 ரூபாய் சொச்சம். வீணாய்ப் போன சாமானும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். வேலை எப்படிப் போனது, எங்கே சிக்கியது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்பதெல்லாம் மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். பெரிய குடும்பமும் சின்ன பட்ஜெட்டும் உள்ளவர்களுக்கு, அதுவும் மாரி கொட்டுகிற நேரத்தில் நத்தார் வருகிற எங்கள் திருகோணமலைப் பக்கத்து ஆட்களுக்கு, உதவலாம்.

முதலில் குடும்பக் கணக்கு. நாங்கள் ஐந்து பேர். பாலையூற்றில் அம்மாவோடு இருக்கும் அக்காவுக்கு 3 பிள்ளைகள், மட்டக்களப்பில் அண்ணாவுக்கு 4, எனக்கு 2, வவுனியாவில் தங்கச்சிக்கு 3, ரொறன்ரோவில் தம்பிக்கு 1. மூத்தவளுக்கு 16 வயது. கடைக்குட்டிக்கு எட்டு மாதம்.

முந்தின வருடங்களில் சீட்டுக் குலுக்கினோம். ஒவ்வொரு பெரிய ஆளுக்கும் ஒரு பிள்ளையின் பெயர் விழும், அந்தப் பிள்ளைக்கு அவர் வாங்கிக்கொண்டு வரவேண்டும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் ரிமோட் காரோடு வருவார், இன்னொருவர் பென்சில் பெட்டியோடு வருவார். கேக் வெட்டும் முன்பே ஒரு மூலையில் அழுகை தொடங்கிவிடும். ரிமோட் காரும் பொங்கல் வரை ஓடாது. பட்டரி இறங்கியதும் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

இந்த முறை அக்கா வட்ஸ்அப் குழுவில் சட்டம் போட்டார். வீட்டுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 10,000. யாருடைய பரிசும் மற்றவருடையதை விடப் பெரிதாகத் தெரியக்கூடாது. பட்டரி வேண்டாம். உடுப்பும் வேண்டாம், அதை அவரவர் தாய் தகப்பன் எடுத்துவிடுவார்கள். கதைப் புத்தகம் போன வருடமே கொடுத்தோம். வாசிக்கிற பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. மத்திய வீதிக் கடைகளில் 700 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்தேன். மெல்லிய பிளாஸ்டிக்கில் லொறி, விசில் அடிக்கும் துப்பாக்கி, தலைமுடி கழன்று வரும் பொம்மை. வீடு போய்ச் சேரும்வரை உடையாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

செய்து கொடுப்போம் என்றேன். "நீயா செய்யப்போறாய்? இந்த மழைக்குள்ளயா?" என்று அண்ணா கேட்டார். கேள்வியின் இரண்டாம் பாதி நியாயமானது என்பது பிறகு விளங்கியது.

என்ன செய்வது என்பதைத் தம்பியின் மகள்தான் முடிவு செய்து தந்தாள். அவளுக்கு நான்கு வயது. வீடியோ அழைப்பில் நாங்கள் ஒவ்வொருவராக முகத்தை நீட்டுவோம், அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்து "இது ஆர்?" என்பாள். ரொறன்ரோ என்ன, வவுனியாவில் இருக்கிற சின்னவனுக்கும் அதே நிலைமைதான். ஆகவே சோடி சேர்க்கிற ஞாபக விளையாட்டு ஒன்று. 24 பலகைத் துண்டுகள், எல்லாம் கவிழ்த்து வைத்திருக்கும். இரண்டைத் திருப்பி, ஒரே முகமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கவிழ்த்துவிட்டு அடுத்தவருக்கு விடவேண்டும். அம்மா, காலமாகிவிட்ட அப்பா, நாங்கள் ஐந்து பேர், எங்கள் கணவன் மனைவிமார் ஐந்து பேர். 12 முகம், இரண்டு இரண்டாக 24. கணக்கு அவ்வளவு சரியாக வந்து விழுந்ததால்தான் துணிந்து இறங்கினேன்.

இரண்டு வயது முதல் 11 வயது வரை ஒன்பது பிள்ளைகள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு முழுச் செட். வீட்டுக்கு ஒன்று போதும் என்று தங்கச்சி சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. பெரிய குடும்பத்தில் பொதுச் சொத்து என்பது சண்டைக்கு இன்னொரு பெயர். மிச்சம் மூன்று பெரிய பிள்ளைகளுக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் வேறு ஏற்பாடு, அதைக் கீழே சொல்கிறேன்.

பலகை

முதல் பரிசோதனை வீட்டில் கிடந்த 3 மில்லிமீற்றர் பிளைவூட்டில். ஒரு பக்கம் மட்டும் கடதாசி ஒட்டியதும் ஓரம் மேலே வளைந்துவிட்டது. மேசையில் வைத்தால் ஆடுகிறது, வளைவைப் பார்த்தே எது என்ன முகம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். 6 மில்லிமீற்றருக்கு மாறினேன். கையில் எடுத்தால் ஒரு கனம் தெரிகிறது, சின்னக் கைக்கும் நிலத்திலிருந்து எடுக்கச் சுலபம்.

துண்டின் அளவு 50 க்கு 50 மில்லிமீற்றர். இது அழகுக்காக வைத்த அளவு இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் போய் அடைக்கும். வீட்டில் சோதிக்க டொய்லற் கடதாசிச் சுருளின் நடு அட்டைக் குழாய் இருக்கிறது. அது அந்த உருளையை விடச் சற்று அகலம், ஆகவே அதற்குள் போகாத சாமான் உருளைக்குள்ளும் போகாது. 50 மில்லிமீற்றர்ச் சதுரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகவில்லை.

மரக்காலையில் கால் சீற், அதாவது 1220 க்கு 610 மில்லிமீற்றர், 1,900 ரூபாய். நேரே ஓடாவியாரிடம் கொண்டுபோனேன். மேசையில் பூட்டிய வட்ட வாளில் 50 மில்லிமீற்றர் அகலப் பட்டிகளாக அறுத்துத் தந்தார், கூலி 500. வாள் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீற்றரைத் தின்னும், அதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்துகொண்டு போனால் கடைசிப் பட்டி காணாது. 11 பட்டிகள் கிடைத்தன, 27 மில்லிமீற்றர் மிச்சம். முழுத் துண்டாக்கியும் தருகிறேன் என்றார். சின்னத் துண்டை வட்ட வாளில் அறுப்பது விரலுக்கு ஆபத்து என்பதை அவருடைய இடது கையே சொல்லியது. வேண்டாம் என்று பட்டியாகவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கைவாளால் குறுக்கே அறுத்தேன். மூன்று பலகையை ‘ப’ போல ஆணி அடித்து, இரண்டு சுவரிலும் நேருக்கு நேர் ஒரு வெட்டு. அந்த வெட்டிலிருந்து சரியாக 50 மில்லிமீற்றர் தள்ளி உள்ளே ஒரு கட்டையை அடித்துவிட்டால், பட்டியை முட்டும்வரை தள்ளி அறுத்தால் போதும், அளக்கத் தேவையே இல்லை. இந்தச் சட்டத்தைச் செய்ய ஒரு மாலை முழுவதும் போனது, மனைவி இரண்டு தரம் வந்து "இன்னும் ஒரு துண்டும் அறுக்கேல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் 200 க்கு மேற்பட்ட துண்டு ஒரே அளவில் வந்தது அதனால்தான். ஒரு செட்டில் ஒரு துண்டு ஒரு மில்லிமீற்றர் கூடிவிட்டாலும் விளையாட்டு கெட்டுப்போகும்.

கைவாள் அடிப்பக்கத்தைத்தான் சிராய் கிளப்பும். ஆகவே படம் ஒட்டப்போகும் பக்கத்தைக் கீழே வைத்து அறுக்க வேண்டும். கடதாசி அதை மூடிவிடும். பின்பக்கம் துப்புரவாக இருக்கும்.

பிறகு தேய்ப்பு. தனித்தனியாகத் தேய்க்கத் தொடங்கினால் அடுத்த நத்தாரும் வந்துவிடும். 12 துண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஜீ கிளாம்பில் இறுக்கி, நான்கு பக்கத்தையும் முதலில் 120, பிறகு 240 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். மூலைகளை மட்டும் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை என் ஒன்பது வயது மகளிடம் கொடுத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. தான் தேய்த்த துண்டுகளைத் தனியாக ஒரு பேணியில் போட்டு வைத்துக்கொண்டாள், மற்றதெல்லாம் சரியில்லையாம்.

முகம்

படம் சேர்ப்பது பலகை வேலையை விட இழுத்தது. எல்லோரும் வட்ஸ்அப்பில் கலியாண வீட்டுப் படம் அனுப்புகிறார்கள்: கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் நாலு பேர். முகம் மட்டும், வெளிச்சம் முன்னால், சிரித்தபடி, கண்ணாடி இல்லாமல் என்று எழுதி அனுப்பினேன். மச்சான் ஒருவர் அடையாள அட்டைப் படத்தை அனுப்பினார். சிரிக்கச் சொன்னதற்கு, "உதுதான் சிரிப்பு" என்று பதில் வந்தது.

அப்பாவுக்கு இருந்தது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கலியாணப் படம். கண்ணாடியோடு போனில் எடுத்தால் பளிச்சென்று அடிக்கிறது. சட்டத்தைக் கழற்றி, மழை மூட்டமாக இருந்த ஒரு நாளில் விறாந்தையில் வைத்து, பிளாஷ் இல்லாமல் மேலிருந்து நேரே எடுத்தேன். மேகத்தால் வடிகட்டிய அந்த வெளிச்சம் இப்படி வேலைக்கு அருமையானது. மாரி எனக்கு உதவியது அந்த ஒரு இடத்தில்தான்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட நான்கு பிள்ளைகளுக்கு ஒரே படத்தைச் சோடி சேர்ப்பது சப்பென்று இருக்கும். அவர்களின் செட்டில் ஒரு துண்டில் இப்போதைய முகம், சோடித் துண்டில் அதே ஆளின் சின்ன வயது முகம். இதற்குப் பழைய படம் வேண்டும். மனைவியின் வீடு கடற்கரையோரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கூடப் படித்த ஒரு பிள்ளையிடம் முதல் நன்மை எடுத்தபோது பிடித்த குழுப் படம் இருந்தது, அதிலிருந்து வெள்ளை முக்காட்டோடு ஒரு முகம் கிடைத்தது. அண்ணியின் சின்ன வயதுப் படம் எங்குமே கிடைக்கவில்லை. இப்போதைய படத்தையே கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டேன்.

ஒவ்வொரு முகத்துக்கும் கீழே முறைப்பெயர் வைக்க நினைத்தேன். இங்கேதான் எதிர்பாராத வேலை. அம்மா, அக்காவின் பிள்ளைகளுக்கும் தங்கச்சியின் பிள்ளைகளுக்கும் அம்மம்மா; அண்ணாவின், என், தம்பியின் பிள்ளைகளுக்கு அப்பம்மா. நான் அக்கா வீட்டில் மாமா, அண்ணா வீட்டில் சித்தப்பா, தம்பி வீட்டில் பெரியப்பா, என் வீட்டில் அப்பா. ஒரு பக்கத்தைச் செய்து ஒன்பது பிரதி எடுப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன், அது ஐந்து வீட்டுக்கு ஐந்து வேறு பக்கமாக மாறியது. அக்கா பிள்ளைகளின் பக்கத்தில் மூன்று மாமா வந்து நின்றார்கள். பிள்ளைகள் பேசுகிற மாதிரியே ஊரைச் சேர்த்து எழுதினேன்: மட்டக்களப்பு மாமா, கனடா மாமா, வவுனியாச் சித்தப்பா. சரிபார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, ஒரு பெரியம்மாவைச் சித்தி என்று எழுதியிருந்ததைப் பிடித்தார்.

முகச் சதுரம் 45 மில்லிமீற்றர். ஏ4 தாளில் குறுக்கே நான்கு, நெடுக்கே ஆறு. ஆக 24, ஒரு தாளில் ஒரு செட் அப்படியே அடங்கிவிடும்.

அச்சு எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க. முதலில் வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்துப் பார்த்தேன். பைண்டர் கம் (மரம் ஒட்டும் வெள்ளைப் பசை) பட்டதும் சாயம் ஊறி முகம் எல்லாம் நீலம் பாரித்தது. 350 ரூபாய் அதோடு சரி. லேசர் அச்சில் மை இல்லை, சூட்டில் உருகி ஒட்டுகிற பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது. ஆகவே அச்சு எடுத்துத் தரும் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். வேர்ட் கோப்பைத் திறந்ததும் தமிழ் எழுத்தெல்லாம் சிதறிக்கிடந்தது. இங்கே பல இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது, நம் போனில் அடித்த யூனிகோட் அங்கே உடைந்து வரும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்த சிக்கல் அளவு: 45 என்று போட்டது 43 ஆக வந்தது. தாளுக்குப் பொருந்தச் சுருக்குகிற தெரிவு இயந்திரத்தில் இயல்பாகவே போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு நூறு வீதத்தில் அடிக்கச் சொல்ல வேண்டும். தாளின் ஓரத்தில் 100 மில்லிமீற்றர்க் கோடு ஒன்று போட்டு வைத்தால், கடையிலேயே அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ஒன்பது தாள், தாள் 120 ரூபாய், மொத்தம் 1,080.

ஒட்டும் காயவைக்கும் வேலையும்

திருகோணமலையில் நவம்பரும் டிசம்பரும்தான் மழை கூடிய மாதங்கள். வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வந்து இறங்கும். இந்த மாதங்களில் துவைத்த உடுப்பே காயாது. பைண்டர் கம் காய்வது அதிலுள்ள நீர் வெளியேறித்தான். காற்றே ஈரமாக இருந்தால் அது எங்கே போகும்? முதல் செட்டுக்குக் கடதாசியிலும் கம் பூசினேன், கடதாசி ஊறி நீண்டு, ஒட்டிய பிறகு சுருங்கிக் குமிழ் குமிழாக நின்றது.

வேலை செய்த முறை இது. கம் பலகையில் மட்டும், பழைய பஸ் பாஸ் அட்டையால் இழுத்து, கடதாசி வழியாகக் கசியாத அளவுக்கு மெல்லிசாக. படத்தை ஒரு ஓரத்திலிருந்து படியவிட்டு, கண்ணாடிப் போத்தலால் உருட்ட வேண்டும். மேலே பொலித்தீன், அதற்கு மேலே இன்னொரு வரிசை, எல்லாவற்றுக்கும் மேலே அரிசிப் பை. அடுத்த நாள் பிரித்து, தாளின் ஓரங்களில் கம்மில் பாதி தண்ணீர் கலந்து விரலால் ஒரு பூச்சு. ஓரம் கிளம்பாமல் பிடிப்பது இந்தப் பூச்சுத்தான், இதைத் தவிர்த்த துண்டுகள் பிறகு கையில் உரிந்து வந்தன.

மேற்பூச்சுக்கு ஹாட்வெயாரில் தெளிவான லாக்கர் ஸ்பிரே ஒன்று வாங்கினேன், 1,100 ரூபாய். சீக்கிரம் காயும் என்றார்கள். காய்ந்தது, ஆனால் எல்லோர் முகத்திலும் கலியாணத்துக்குப் பவுடர் அப்பின மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. காரணம் மழைதான். ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது, ஈரக் காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் எட்டிப் பார்த்த ஒரு பிற்பகலில் அதே ஸ்பிரேயை மிக மெல்லிசாக இன்னொரு தரம் அடித்தேன், பழைய பூச்சு இளகி வெள்ளை போனது. ஆனால் அப்படி ஒரு பிற்பகல் திரும்ப எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சச் செட்டுகளுக்கு நீரில் கரையும் தெளிவான வார்னிஷுக்கு மாறினேன், அரை லீற்றர் 1,450. வாசனையும் குறைவு. இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் 240 இலக்கத் தாளால் ஒரு தடவல்.

காயவைக்க அம்மாவின் பழைய தகர டிரங்குப் பெட்டி. அடியில் கம்பி வலை, ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்ப், மூடிக்கு இரண்டு அங்குலக் கட்டை முண்டு கொடுத்து ஈரம் வெளியேற வழி. எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது, சூடு போதாது. பல்ப் எரியும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கடதாசி, துணி எதுவும் அதற்குக் கிட்ட வரக்கூடாது. கரண்ட் நின்ற இரவுகளில் வேலையும் நின்றது. ரொறன்ரோவுக்கு ஒரு ஆள் நவம்பரிலேயே போக இருந்ததால் தம்பி மகளின் செட்டை முதலில் முடித்தேன். பையோடு கால் கிலோவுக்குள் நின்றது, கொண்டுபோகிறவர் முகம் சுளிக்கவில்லை.

பின்பக்க அடையாளம் கடைசி நேரத்தில் வந்த யோசனை. ஒன்பது செட்டும் அம்மா வீட்டு நிலத்தில் கலந்தால் பிரிக்க முடியாது. அழிறப்பரில் கட்டரால் ஒன்பது சின்ன முத்திரை வெட்டினேன்: மீன், படகு, மான், சங்கு, நண்டு, பனை, காகம், ஆமை, நட்சத்திரம். மானை விட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பார்கள், கோட்டைப் பக்கம் அவை மாடு மாதிரித் திரிகின்றன. முத்திரை மை வார்னிஷ் பட்டதும் கலங்கியது; அக்ரிலிக் பெயின்டைப் பஞ்சால் ஒற்றி அடித்தபோது நின்றது. ஒரு செட்டுக்குள் எல்லா முத்திரையும் ஒரே அழுத்தத்தில், நடுவில் விழ வேண்டும். சரிந்து விழுந்த ஒரு மானை வைத்து அது வவுனியா மாமி என்று என் மகன் இப்போது கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

பைகளை அம்மா தைத்தார். தன் பழைய கொட்டன் சேலைகளில் நல்ல பகுதியாகப் பார்த்து 20 க்கு 26 சென்ரிமீற்றரில் வெட்டி, சிங்கர் மெஷினில் இரட்டைத் தையல், வாயில் கயிறு. எந்தச் சேலையை எந்தப் பிள்ளைக்கு வெட்டினார் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, எனக்குச் சொல்லவில்லை. மிஞ்சிய துணியில் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு துணிப் பந்து. உள்ளேயும் துணிதான், பொத்தான் மணி எதுவும் இல்லை.

பெரிய பிள்ளைகள் மூவருக்கு

13, 14, 16 வயது. முதலில் போனை நிமிர்த்தி வைக்கிற கட்டை ஒன்று செய்து அக்கா மகனிடம் காட்டினேன். "நல்லா இருக்கு மாமா" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பதிலாகக் கைத்தூண்டில். 11 ஆவது பட்டியில் 180 மில்லிமீற்றர் நீளத்தில் மூன்று துண்டு, இரண்டு முனையிலும் ஆழமான வெட்டு, அதில் 30 மீற்றர் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) சுற்றியது. ஈயக் குண்டு போடவில்லை, ஈயம் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். இரும்பு நட்டு இரண்டைக் கட்டினால் அதே வேலையைச் செய்கிறது. முள்ளுகள் தனி டப்பாவில், டப்பா தகப்பன்மார் கையில். மூன்றுக்கும் 1,350 ரூபாய். டிசம்பரில் டச்சுக் குடாப் பக்கம் கடல் சீறும், அங்கே போகக்கூடாது. உட்துறைமுகம் மலைகளுக்கு நடுவில் ஒதுங்கி இருப்பதால் இந்த மாதத்திலும் தண்ணீர் அடங்கித்தான் கிடக்கும். பெரிய ஆள் ஒருவரோடு உட்துறைமுக வீதிப் பக்கம் மட்டும் என்பது நிபந்தனை. 16 வயதுக்காரி இதை விரும்புவாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எங்கள் அப்பாவோடு சின்னதில் தூண்டில் போடப் போனவள் அவள் ஒருத்திதான், மற்றப் பேரப்பிள்ளைகள் பிறகுதான் வளர்ந்தார்கள். மூவரில் முதலில் முடிச்சுப் போடப் பழகியதும் அவள்தான்.

25 ஆம் திகதி

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, தூங்கி எழும்பி, மத்தியானம் கொடுத்தோம். எல்லாப் பையும் ஒரே பருமன் என்பதால் கொடுக்கும்போது சத்தம் இல்லை. சத்தம் பிறகு வந்தது. அண்ணாவின் சின்னவன் தன் அப்பம்மாவை அக்கா மகளின் துண்டில் பார்த்துவிட்டு, "இதில பிழையா அம்மம்மா எண்டு கிடக்கு" என்று அழிறப்பர் தேடினான். அவள் விடவில்லை. இரண்டு பேரும் அம்மாவிடமே போய்க் கேட்டார்கள். அம்மா இரண்டும் நான்தான் என்று சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. 11 வயதுக்காரி தரையில் எல்லாத் துண்டையும் பரப்பி யார் யாருக்கு என்ன முறை என்று விளங்கப்படுத்தத் தொடங்கினாள். நான் எழுதி வைத்த விளையாட்டு விதியை யாரும் வாசிக்கவில்லை.

இரண்டு வயதுக்காரன் துண்டுகளை அடுக்கிக் கோபுரம் கட்டினான். பின்னேரத்துக்குள் எட்டுச் செட்டும் கலந்துபோயின, ஒன்பதாவது ரொறன்ரோவில் பத்திரம். முத்திரை பார்த்துப் பிரிக்கப் பிள்ளைகளே போட்டி வைத்தார்கள், ஒரு நண்டு மட்டும் சோபாவுக்குக் கீழே போய்விட்டது. அறுத்ததில் மிஞ்சிய வெறும் துண்டு பத்துப்பன்னிரண்டு என்னிடம் இருக்கின்றன, இப்படித் தொலைவதற்கென்று வைத்தவை.

செலவில் மேலே சொல்லாதது: பைண்டர் கம் 550, சாண்ட் பேப்பர் 540, அக்ரிலிக் பெயின்ட் 300, பைக்கயிறு 250. கையில் 630 ரூபாய் மிஞ்சியது, அக்கா அதை ஐஸ்கிரீமுக்கு எடுத்துவிட்டார். இங்க்ஜெட்டையும் ஸ்பிரேயையும் கழித்தால் மொத்தம் 7,920 தான், தலைக்கு 610 க்குள் முடித்திருக்கலாம்.

அடுத்த முறை பலகை, தேய்ப்பு, வார்னிஷ் எல்லாம் கச்சான் காற்று அடிக்கும் ஆகஸ்டில். அப்போது பூசினது பூசின கையோடு காயும், டிரங்குப் பெட்டியும் பல்பும் தேவைப்படாது. டிசம்பருக்குப் பை தைப்பது மட்டும் மிஞ்ச வேண்டும். முத்திரையைக் கையால் அடிக்காமல் ஒரு அட்டைச் சட்டத்துக்குள் வைத்து அடிப்பேன். மூலைகளை இன்னும் கூட உருட்டுவேன், விழுந்தால் அங்கேதான் கடதாசி கிளம்புகிறது. ஜனவரி முதல் கிழமையிலேயே என் மகனின் படகுச் செட்டில் இரண்டு மூலை கிளம்பி, கம் வைத்து அமத்திக் கொடுத்தேன். முறைப்பெயர்ப் பக்கங்கள் ஐந்தையும் வீடு வீடாகப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கிறேன். தொலைந்த நண்டு அண்ணாவின் முகம், பக்கம் மூன்று, அந்த ஒரு சதுரத்தை மட்டும் அடிக்கக் கொமினிகேஷனில் முழுத் தாளுக்கும் 120 கேட்கிறார்கள். இன்னும் நாலைந்து தொலையட்டும், சேர்த்து எடுக்கலாம் என்று இருக்கிறேன்.